பின்சில்லு இழுவைக் கார், தினமும் பாரி வரை: எந்தப் பனி ரயர் போடுவது?

இரண்டு கதவுக்காரன், ஸ்காபரோ
ஒக்டோபர் 27, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் இது எனக்குப் பதினெட்டாவது குளிர்காலம். ஆனால் இத்தனை வருடமும் ஓட்டியது அப்பாவின் கொரோலா. பனி விழுந்தால் மெதுவாகப் போ, முன்னால் போகிறவனை ஒட்டாதே என்பதற்கு மேல் எதையும் கற்க அந்தக் கார் விட்டதில்லை. இந்த ஜூனில் ஆசைப்பட்டு 2017ஆம் ஆண்டு ரொயோட்டா 86 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஆறு கியர், கிளச் உள்ளது. கோடை முழுக்கச் சொர்க்கம்.

செப்டெம்பரில் வேலை ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் பாரி நகருக்கு மாறியது. பறம்பு மலைப் பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போனான். நான் என் தேரை ஓட்டிக்கொண்டு தினமும் பாரிக்கே போகிறேன். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குவதால் வீட்டிலிருந்து நாலரைக்குப் புறப்பட வேண்டும். 401ஆம் நெடுஞ்சாலையில் ஏறி 400ஆம் நெடுஞ்சாலை வழியாக ஒரு பக்கம் 100 கிலோமீற்றர் அளவு. அந்த நேரத்தில் பனி அள்ளும் வண்டிகள் பல இடங்களில் இன்னும் வந்திருக்காது என்று கூட வேலை செய்கிறவர்கள் இப்போதே பயமுறுத்துகிறார்கள்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். காலை வெப்பநிலை 3 பாகை. பனியும் இல்லை மழையும் இல்லை, தரையில் ஈரம் மட்டும். 400இலிருந்து இறங்கும் வளைவில் இரண்டாம் கியருக்கு மாற்றிக் கொஞ்சம் அழுத்தினேன். பின்பக்கம் மெல்ல வெளியே நகர்ந்தது. கார் தானே பிறேக் பிடித்து நேராக்கிவிட்டது, டாஷ்போர்டில் சறுக்கும் கார் படம் மின்னியது. பயமாக இருந்தது என்று சொல்ல வெட்கப்படவில்லை. காரில் இருப்பவை முன்பு வைத்திருந்தவர் போட்ட மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4, கோடை ரயர்.

சனிக்கிழமை ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர், "பின்சில்லுதானே இழுக்கிறது, பின்னுக்கு இரண்டு பனி ரயர் போடுங்கள் போதும், பாதிக் காசு மிச்சம்" என்றார். வேறு ஒருவர் இந்தக் காரை நவம்பரில் மூடி வைத்துவிட்டு ஒரு பழைய கொரோலா வாங்கு என்கிறார். அம்மாவும் அதைத்தான் சொல்கிறார், ஆனால் அவர் ஜூனிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு போதுமா, நான்கும் வேண்டுமா? இப்போதிருக்கும் 17 அங்குல றிம்மிலேயே மாற்றிப் போடவா, தனி றிம் எடுக்கவா? எக்ஸ்-ஐஸ், பிளிஸாக், ஹக்கபெலீட்டா, அல்பின் என்று பெயர்களைப் படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. கையில் 1,500 டொலர் வரை இருக்கிறது.


பழைய சில்லு, ஸ்காபரோ
ஒக்டோபர் 27, இரவு 11.15

தம்பி, இருபத்துமூன்று வருடம் ரயர் கழற்றிப் பூட்டிய கை இது. இப்போது முதுகு விடுவதில்லை, வாய் மட்டும் வேலை செய்கிறது. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

முதலில் அந்தக் கடைக்காரர் சொன்னதை மறந்துவிடும். பின்னுக்கு மட்டும் பனி ரயர் போட்டால் கார் நன்றாகப் புறப்படும். புறப்பட்ட கார் எங்கேயாவது நிற்க வேண்டும், எங்கேயாவது திரும்ப வேண்டும். பிறேக்கின் பாரம் முன்சில்லில் விழுகிறது, திருப்புவதும் முன்சில்லுதான். முன்னால் கோடை ரயர் இருந்தால், ஸ்ரியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேரே போய்க்கொண்டிருக்கும். முன்சில்லு இழுக்கும் காரில் முன்னுக்கு மட்டும் போட்டவர்களின் கதை இதற்கு எதிர்மாறு: நடுவழியில் பின்பக்கம் முந்திக்கொண்டு வந்துவிடும். இரண்டு விதத்திலும் அடிபட்டு வந்த கார்களைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் நான்கு, நான்கும் ஒரே வகை.

அன்று காலை உமக்கு நடந்ததில் காரின் பிழை எதுவும் இல்லை. கோடை ரயரின் ரப்பர் குளிரில் இறுகிவிடும். ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே போனால் அதற்குப் பிடிப்புக் குறையத் தொடங்கும், ஐஸ் இருக்க வேண்டும் என்றே இல்லை. நாளைக் காலை வெளியே நிற்கும் காரின் ரயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாரும். பிறகு கொரோலாவின் பனி ரயரையும் அதேபோல் அழுத்திப் பாரும். ஒன்று செருப்பின் அடி, மற்றது பள்ளிக்கூட அழிறப்பர். இன்னொன்று: பூச்சியத்துக்குக் கீழே 7 பாகை, அதற்கும் குறைவு என்றால் அந்தக் கோடை ரயரில் காரை நகர்த்தவே வேண்டாம். இறுகிய ரப்பர் வெடிக்கும். ஓடும்போது வெடிப்பதைச் சொல்லவில்லை, பூவின், அதாவது தரையில் படும் வெட்டுப் பகுதியின், ஓரத்தில் மயிரிழைக் கீறல்கள் விழும். அதன் பிறகு அந்த ரயர் குப்பைக்குத்தான்.

இனி றிம். 17ஐ வைத்துக்கொண்டு வருடத்துக்கு இரண்டு முறை ரயரை உரித்து மாட்டினால், உரிக்கும் ஒவ்வொரு தடவையும் ரயரின் விளிம்பு அடிபடும், உமக்குக் கூலியும் போகும். தனி றிம் எடும், அதுவும் 16 அங்குலமாக எடும். உமது கார் கம்பனியிலிருந்து வந்தது 215/45 ஆர் 17: அகலம் மில்லிமீற்றரில், பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை, றிம் அங்குலத்தில். அதற்குப் பதில் 205/55 ஆர் 16 போட்டால் மொத்த விட்டம் 625 மில்லிமீற்றரிலிருந்து 632 ஆகும், நூற்றுக்கு ஒன்றுதான் வித்தியாசம், வேகமானி பொய் சொல்லாது. ஜப்பானில் இதே 86இன் கீழ்ப் பதிப்புக்குக் கம்பனியே இந்த அளவைத்தான் போட்டு விற்றது. ஒரு எச்சரிக்கை: பிரெம்போ பிறேக் வைத்த விசேட பதிப்பென்றால் 16 ஏறாது. முன்சில்லுக்குள் எட்டிப் பாரும், தடித்த சிவப்புப் பிடி தெரியாவிட்டால் பயமில்லை.

ஏன் சிறிய றிம், ஒடுங்கிய ரயர்? ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதில்தான் என் பாதி ஆயுள் போனது. அகலம் கூடினால் பிடிப்புக் கூடும் என்று கோடையில் படித்ததைக் குளிர்காலத்துக்கும் கொண்டுவருவார்கள். அகலமான ரயர் உருகிய பனிச்சேற்றின் மேல் பலகைபோல் ஏறி மிதக்கும். ஒடுங்கியது அதை வெட்டிக்கொண்டு கீழே தாரைத் தொடும். பக்கச்சுவர் உயரமாக இருந்தால், பனி மூடிய குழியில் விழும்போது றிம் வளையாது. ரொறன்ரோக் குழிகளைப் பற்றி உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. 16இன் விலையும் குறைவு.

றிம் வாங்கும்போது ஐந்து துளை, 100 மில்லிமீற்றர் வட்டம், நடுத்துளை 56.1 என்று கேளும். இது ரொயோட்டாப் பெயரில் ஓடும் சுபாருக் கார் தம்பி, உடம்பு முழுக்க சுபாரு. பழைய இம்பிரேசாவின் 16 அங்குல அலுமினிய றிம் நான்கு, பழையதாக எங்கேயும் கிடைக்கும். வளைவு, வெடிப்பு இருக்கிறதா என்று சுழற்றிப் பார்த்து, ஒன்றை முன்னால் பூட்டிக் கையால் உருட்டிப் பார்த்த பிறகு காசைக் கொடும்.

கடைசியாகப் பெயர்கள். நீர் படித்தவற்றில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று மிச்செலின் பைலட் அல்பின், பிறெல்லி சொட்டோசீரோ போன்றவை. ஐரோப்பாவின் வேகப்பாதைக்குச் செய்தவை. ஈரத்திலும் காய்ந்த தாரிலும் ஸ்ரியரிங் கூர்மையாக இருக்கும், எவ்வளவு வேகம் தாங்கும் என்று காட்டும் எழுத்தும் உயரமாக இருக்கும். மற்றது எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, பிளிஸாக் டபிள்யூஎஸ்90, ஹக்கபெலீட்டா ஆர் வரிசை. இவை ஐஸுக்கென்று செய்த மெத்தென்ற ரப்பர். வளைவில் கார் கொஞ்சம் குழைவது போல இருக்கும், உமக்கு அது பிடிக்காது. ரொறன்ரோவுக்குள் மட்டும் ஓடுகிறவர் என்றால் உப்புப் போட்ட தெருவுக்கு அல்பினே அழகு என்பேன். ஆனால் நாலரை மணிக்குப் புறப்படுகிறவர் நீர். 400இல் வடக்கே போகப் போக ஜோர்ஜியன் குடாவிலிருந்து வரும் பனிச்சூறை பத்து நிமிடத்தில் பாதையை வெள்ளையாக்கிவிடும். நூறு நல்ல காலையை விட்டுவிட்டு அந்தப் பத்து மோசமான காலைகளுக்கு வாங்கும். இரண்டாம் சாதி.

அதற்குள் எது என்றால் எனக்கு எக்ஸ்-ஐஸ் ஸ்னோ. புதிதாக இருக்கும்போது பிளிஸாக்கின் ஐஸ் பிடிப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் நுண்துளை ரப்பர் ஆழம் முழுக்க இல்லை, தேயத் தேய அடியில் வேறு ரப்பர் வந்துவிடும். தினமும் 200 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அது கணக்கில் வரும்.


மேட்டுத்தெரு, மொன்றியல்
ஒக்டோபர் 28, காலை 7.05

பழைய சில்லு அண்ணா எழுதினால் அதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று. இத்தனை அலைச்சல் எதற்கு? எல்லாக் காலத்துக்கும் போடும் ரயர்கள் இப்போது நன்றாக வந்துவிட்டன. மிச்செலின் குரொஸ்கிளைமேட் 2 போட்டால் மலையும் பனிப்பூவும் உள்ள சின்னம் அதிலும் இருக்கிறது. கழற்றவும் வேண்டாம், பூட்டவும் வேண்டாம், வீட்டில் அடுக்கி வைக்கவும் வேண்டாம். நான் அதைத்தான் என் சிவிக்கில் மூன்று வருடமாக ஓட்டுகிறேன், கோட்-டெ-நேஜ் மேட்டில். பெயரிலேயே பனி இருக்கிற மேடு அது.

இன்னொன்று, கியூபெக் பக்கம் வந்தால் கவனம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி ரயர் இல்லாமல் ஓடினால் இங்கே தண்டம். ஒன்ராறியோ ஆட்கள் இதை மறந்து வந்து மாட்டிக்கொள்வார்கள்.


ஒட்டாவா நீலக்கார்
ஒக்டோபர் 28, மதியம் 12.30

மேட்டுத்தெரு, சட்டத்தைப் பற்றி ஒரு திருத்தம். அது கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்கு மட்டும். ஒன்ராறியோ இலக்கத்தகட்டோடு வருகிறவரை அதற்காக நிறுத்த மாட்டார்கள். நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கியூபெக்கில் இருக்கும் கற்றினோவுக்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவள், இதை நன்றாக விசாரித்து வைத்திருக்கிறேன். சட்டம் இல்லாவிட்டாலும் போட வேண்டும் என்பது வேறு கதை.

சின்னத்தைப் பற்றியும் ஒரு சொல். மூன்று முகட்டு மலைக்குள் பனிப்பூ இருந்தால், அழுத்தமான பனியில் புறப்படும் இழுவைச் சோதனையில் அந்த ரயர் தேறியிருக்கிறது என்று பொருள். ஐஸில் நிற்கிறதா, வளைவில் பிடிக்கிறதா என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. அதனால் குரொஸ்கிளைமேட்டுக்கும் எக்ஸ்-ஐஸுக்கும் ஒரே சின்னம் இருக்கிறது என்பதை வைத்து இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது. முன்சில்லு இழுக்கும் சிவிக்குக்கு, நகருக்குள் என்றால், நீங்கள் செய்தது சரி. அதிகாலை 400க்கு நான் அதை நம்ப மாட்டேன்.

இரண்டு கதவுத் தம்பி, உங்கள் காரின் இரட்டைப் பிறவி என்னிடம் இருக்கிறது, சுபாரு பிஆர்இசட், ஆறாவது குளிர்காலம். மூடி வைக்க வேண்டியதில்லை. பின்சில்லு இழுக்கும் கார் பனிக்கு ஆகாது என்பது பாரமெல்லாம் முன்னால் இருந்த பழைய கார்களின் கதை. இதில் பாரம் முன்னுக்கு 53, பின்னுக்கு 47 என்ற அளவில் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறது. அதனால் டிக்கியில் மண்மூட்டை வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். நான் முதல் வருடம் இரண்டு மூட்டை வைத்தேன். ஒன்று கிழிந்தது, இன்றைக்கும் கம்பளத்தில் மண் இருக்கிறது.

இந்தக் காரைத் தோற்கடிப்பது உயரம். தரைக்கும் காருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. பனி அள்ளும் வண்டி உங்கள் வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போகும் வரம்பில் வயிற்றோடு ஏறி உட்கார்ந்துவிடும், சில்லுகள் காற்றில் சுற்றும். எந்த ரயரும் அப்போது உதவாது. சிறிய மண்வெட்டி ஒன்று டிக்கியில் இருக்கட்டும். பாதி சிக்கிய நிலையில் இழுவைக் கட்டுப்பாடு இயந்திரத்தின் குரல்வளையைப் பிடித்துவிடும், பொத்தானை ஒருமுறை அழுத்தி அதை நிறுத்தி, இரண்டாம் கியரில் கிளச்சை மெல்ல விட்டு வெளியே வாருங்கள். பாதைக்கு வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள். இதை மறக்கிறவர்கள்தான் வேலியில் நிற்கிறார்கள்.

முதல் பனி விழுந்த ஞாயிறு காலை ஒரு வெறும் வாகனத் தரிப்பிடத்துக்குப் போய், 30 கிலோமீற்றர் வேகத்தில் பிறேக்கை முழுக்க மிதித்துப் பாருங்கள். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதைக்கும். அது பழுதல்ல, சில்லு பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த உதைப்பை முதல்முதல் 400இல் சந்தித்துப் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.


இரண்டு கதவுக்காரன், ஸ்காபரோ
ஒக்டோபர் 30, இரவு 8.20

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அண்ணா சொன்னது பொய்யில்லை, நகம்தான் வளைந்தது. முன்சில்லுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன், சிவப்பு எதுவும் இல்லை.

இம்பிரேசா றிம் நான்கு 240 டொலருக்குக் கிடைத்தது. ஒன்றில் சிறு உரசல், வளைவு இல்லை. அதே ஆள் பழைய பனி ரயரும் இருக்கிறது, 4 மில்லிமீற்றர் பூ மிச்சம், 100 டொலருக்கு எடு என்றார். எடுக்கவா? நட்டுகள் அப்பாவின் கொரோலாவிலிருந்து மிஞ்சியவை வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, அதைப் போடலாம்தானே, இரண்டும் ரொயோட்டாதானே? ஆணி அடித்த ரயர் போட்டால் இன்னும் நல்லதா என்றும் ஒருவர் கேட்கிறார்.


பழைய சில்லு, ஸ்காபரோ
ஒக்டோபர் 30, இரவு 9.02

ஐயோ, அந்தப் பெட்டியைத் தொடாதேயும்! சுபாரு உடம்பு என்று முதலே சொன்னேன். கொரோலாவின் நட்டு 12க்கு 1.5 புரி. உமது காரில் நட்டு ஏறும் ஆணி 12க்கு 1.25. முதல் இரண்டு சுற்று ஏறும், அதுதான் ஆபத்து. பிறகு இறுகும், துருவாக இருக்கும் என்று நினைத்து ஆட்கள் காற்றுத் துப்பாக்கியைக் கொடுப்பார்கள். ஒரு பையன் அப்படிக் கொடுத்து ஒரே சில்லில் மூன்று ஆணியைத் தின்றுவிட்டு என்னிடம் வந்தான், இந்தக் காருக்கே. புதிதாக இருபது நட்டு வாங்கும். முதலில் கையால் ஏற்றும், கையால் கடைசி வரை ஏறாத நட்டு அந்த ஆணிக்குரியதல்ல. இறுக்கம் 120 நியூட்டன் மீற்றர், அதாவது 89 இறாத்தல் அடி. நூறு கிலோமீற்றர் ஓடிய பின், அதாவது முதல்நாள் பாரிக்குப் போய்ச் சேர்ந்ததும், திரும்ப ஒருமுறை அளந்து இறுக்கும்.

4 மில்லிமீற்றர் ரயர் வேண்டாம். சட்டத்தில் அது ஓடும், பனியில் ஓடாது. கனடாப் போக்குவரத்துத் துறையே அந்த அளவுக்குத் தேய்ந்ததைப் பனிப் பாதையில் போடாதே என்கிறது. புதியது வாங்கும்போதும் பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாரும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் பிறந்தது. கடையின் மூலையில் ஐந்து வருடம் கிடந்ததைத் துடைத்துப் புதியது என்று விற்கிறவர்களும் உண்டு.

ஆணி ரயர் வட ஒன்ராறியோவில் பதிவான வண்டிகளுக்கு அனுமதி. உமக்கில்லை.

காற்று: 35 இறாத்தல். ஆனால் சூடான கராஜுக்குள் 35 நிரப்பி, வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் விட்டால் காலையில் 29தான் இருக்கும். ஐந்தரைப் பாகை இறங்கினால் ஓர் இறாத்தல் போகும் என்று வைத்துக்கொள்ளும். குளிர்ந்த ரயரில் அளந்து நிரப்பும். காப்புறுதிக் கம்பனியையும் கூப்பிட்டுச் சொல்லும். 2016 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் பனி ரயருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். கேட்காதவருக்குத் தானாக வராது.


இரண்டு கதவுக்காரன், ஸ்காபரோ
நவம்பர் 19, இரவு 10.10

பூட்டியாயிற்று. எக்ஸ்-ஐஸ் ஸ்னோ 205/55 ஆர் 16 நான்கு, இம்பிரேசா றிம், புதிய நட்டு, பூட்டிச் சமநிலை பார்த்த கூலி எல்லாம் சேர்த்து 1,310 டொலர். காப்புறுதிக் கழிவு கேட்டதும் கொடுத்தார்கள். ஏன் முதலே சொல்லவில்லை என்றேன், நீங்கள் கேட்கவில்லையே என்றார்கள்.

பார்க்கக் கார் கொஞ்சம் அசிங்கமாகிவிட்டது, காற்சட்டைக்குக் கீழே பெரிய சப்பாத்துப் போட்ட மாதிரி. வளைவில் ஸ்ரியரிங் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. முதல் வாரம் ஆத்திரமாக இருந்தது.

நேற்று பாரிக்குப் பத்துக் கிலோமீற்றர் இருக்கும்போது அண்ணா சொன்ன அந்தச் சூறை வந்தது. கோடுகள் மறைந்தன, முன்னால் போன பிக்கப்பின் சிவப்பு விளக்கு மட்டும். இறங்கும் வளைவில், அன்று சறுக்கிய அதே இடத்தில், 30இல் இரண்டாம் கியரில் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. விளக்குகூட மின்னவில்லை. கீழே சிவப்பு விழுந்தது, மிதித்தேன், அக்கா சொன்ன உதைப்பு ஒருமுறை காலில் பட்டது, கோட்டுக்கு முன்னால் நின்றேன். பக்கத்தில் வந்த பெரிய நாலு சில்லு இழுவை வண்டி கோட்டைத் தாண்டிச் சந்திக்குள் போய்த்தான் நின்றது.

முதல்நாள் பாரியில் இறங்கி இறுக்கிப் பார்த்ததில் இடது பின்சில்லில் ஒரு நட்டு கால் சுற்று ஏறியது. அதற்கும் நன்றி அண்ணா.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கோடை ரயர் நான்கையும் குளிரில் விட வேண்டாம் என்று வீட்டுக்குள் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கினேன். அம்மா இரண்டு நாள் முறைத்தார். மூன்றாம் நாள் பார்த்தால் மேலே மேசைவிரிப்பு, அதன்மேல் கறிவேப்பிலைச் சட்டி. ஜன்னல் வெயில் அந்த இடத்தில்தான் நன்றாக விழுகிறதாம். ஏப்ரலில் ரயரை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.